கூப்பிட்டால் வரும் மயில்கள்

எங்கள் வீட்டுக்காரர் காலைக் கறவை முடிந்து வந்ததும், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் செய்கிற வேலை ஒன்று இருந்தது. பின்வாசல் அலமாரியில் ஒரு பழைய பால்பவுடர் டின்னில் கோதுமை வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்று, நம் ஊரில் கோழியைக் கூப்பிடுவதுபோல "பா... பா... பா" என்று கூப்பிடுவார். கொஞ்ச நேரத்தில் பைன் மரங்களிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, ஈரப் புல்லில் தோகையை இழுத்துக்கொண்டு மயில்கள் வரும். இது நடந்தது சென்னிமலை அடிவாரத்தில் இல்லை. நியூசிலாந்தின் வடக்குத் தீவில், பெயரைச் சொன்னாலும் உங்கள் வாயில் நுழையாத ஓர் ஊரின் பால் பண்ணையில். சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. போட்டோ அனுப்பினேன். சொந்தக்காரர் ஒருவர், இது எந்த ஜூவில் எடுத்தது என்று கேட்டு அனுப்பினார்.

ஜூவெல்லாம் இல்லை. எந்தக் காலத்திலோ இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள், வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு நிற்கட்டும் என்று கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மயில்களின் வாரிசுகள் இவை. தோட்டத்திலிருந்து தப்பி, மேய்ச்சல் நிலங்களை ஒட்டிய மரக்கூட்டங்களில் தானாகப் பெருகிவிட்டன. நாங்கள் வந்து இறங்கிய புதிதில், பொழுது விடியும் முன்னே மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண் கலங்கியிருந்தது தெரிந்தது. "முருகன் நமக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்காரு பாரு" என்றார். எனக்கோ வயிறு எரிந்தது. கடல் தாண்டி வந்தும் இந்தச் சனியன் விடவில்லையே என்றுதான் தோன்றியது.

அவர் போத்தனூர்க்காரர். மாமனாருக்கு ரயில்வேயில் வேலை. ரயில் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு மயில் என்றால் காலண்டரில் வேலோடு நிற்பது. வருஷத்துக்கு ஒருமுறை சென்னிமலைக்குப் போனால் படிக்கட்டு ஓரமாய்த் தோகை விரித்துக் காட்டும், பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் அவருக்கும் மயிலுக்கும் உள்ள உறவு. நான் காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு ஊரில், மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்த வீட்டில் பிறந்தவள். எங்களுக்கு மயில் என்றால் விதைத்த கடலையைத் தோண்டித் தின்பது, தக்காளியைப் பழுக்கும் முன்னே கொத்திப் போடுவது, சோளக்கதிரை ஆளுயரத்திலேயே உருவிவிடுவது. ஒரே முருகனைக் கும்பிடுகிற இரண்டு பேருக்கு நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று கல்யாணத்தின்போது யாரும் பொருத்தம் பார்க்கவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் மயில் அபூர்வம். எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம். மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்ட நிலம் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், மழை பெய்தால் முழங்கால் உயரத்துக்குப் புல். பொழுது சாய்ந்தால் அந்தக் கொறங்காட்டிலிருந்து நரி கத்தும். நரி கோழியைத் தூக்குகிறது என்று ஊரே சேர்ந்து அதை அடித்தது. தப்பித்தவற்றுக்கும் இருக்க இடமில்லாமல் போயிற்று. கொறங்காடுகளை ஒவ்வொன்றாக உழுதார்கள், பிறகு கல் நட்டுச் சைட் போட்டு விற்றார்கள். கிளுவை வேலி போய்க் கம்பிவேலி வந்தது. ஓடையெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி, பகலிலேயே இருட்டாகக் கிடந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு ஜோடி மயில் வந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். முட்டையைத் தின்ன நரி இல்லை, ஒளிவதற்கு முள் இருக்கிறது, தின்பதற்குக் கடலைக்காடு இருக்கிறது. பெருகாமல் என்ன செய்யும்? மயில் மேல் தப்பு சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனால் வயிற்றெரிச்சல் நியாயம் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

அந்தக் காட்டை இப்போது வைத்துப் பார்ப்பவன் என் தம்பி செல்லமுத்து. எங்கள் ஐயன், அதாவது அப்பா, போன பிறகு அவன் ஒருவன்தான் ஊரில் தங்கினான். உடன் படித்தவர்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோயம்புத்தூர் பட்டறைகளுக்கும் போய்விட்டார்கள். இவனுக்கு மட்டும் காட்டை விட்டு வர மனசில்லை. கிணறு வறண்ட வருஷம் தாக்குப்பிடித்தான், மழை தப்பிய வருஷமும் தாக்குப்பிடித்தான். மயிலிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தான். இங்கே பண்ணையில் குளிர்காலத்தில் மாடுகளுக்குக் கறவையை வற்றவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் எங்களுக்கு ஊருக்கு வர முடியும். அது நம் ஊரில் ஆடி பிறக்கும் சமயம். போன தடவை நான் போயிருந்தபோது நல்ல மழை பெய்து செல்லமுத்து கடலை விதைத்தான். நானும் பழைய சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே போய் விதை போட்டேன். முதுகு விட்டுப்போனாலும் அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், விதைத்த சாலெல்லாம் கோழி சீய்த்த குப்பைமேடு மாதிரி கிடந்தது. நடுக்காட்டில் ஒரு சேவல்மயில், அதைச் சுற்றிப் பெட்டைகள், எதற்கும் அவசரமில்லாமல் நோண்டிக்கொண்டிருந்தன. காட்டைச் சுற்றித் தம்பி மனைவியின் பழைய சேலைகளையெல்லாம் கொடிபோலக் கட்டியிருந்தான். அதன் மேலேயே ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. நான் கல்லை எடுத்தேன். செல்லமுத்து என் கையைப் பிடித்துவிட்டான். கல்பட்டுச் செத்தால் கேஸ் ஆகிவிடும், பக்கத்து ஊரில் ஒருவரைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள் என்றான். பிறகு ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே காட்டுக்குள் நடந்தான். அவை பறக்கக்கூட இல்லை, நடந்தே போய் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டன. அவன் திரும்பியதும் அவையும் திரும்பின. இப்படியே உச்சிவேளை வரைக்கும் போயிற்று. கொல்லவும் முடியாது, கும்பிடவும் முடியாது என்றால் மனிதன் அதோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணுவது?

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து சோறு தின்னும்போது அவன் சொன்னான். இதுதான் கடைசித் தடவை, மறுபடியும் விதை வாங்கிப் போடப் போகிறேன், இந்த வெள்ளாமையும் வீடு வந்து சேராவிட்டால் காட்டைப் போட்டுவிட்டு நானும் கம்பெனிக்குப் போகிறேன் என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. தட்டிலிருந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, நாளைக்குச் சந்தைக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னான். ஐயன் உழுத காடு அது. எங்கே இருந்தாலும் என் ஊர் என்று நான் சொல்லிக்கொள்வது அந்தக் காட்டைத்தான். அதை உழுவதற்கு ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை தொலைவில் அடுத்தவர் மாட்டுக்குச் சாணி அள்ளிக்கொண்டிருக்கிறேன். ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மயில்களைச் சபித்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒண்ணுகூட மிச்சமில்லாமல் செத்துத் தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். டாக்சி ஓட்டி வந்த பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

அந்த வாயோடு இங்கே வந்து இறங்கினால், மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் டின்னும் கையுமாக வேலியோரம் நின்று "பா... பா" என்கிறார். அவர் எனக்கு முன்பே திரும்பி வந்துவிட்டிருந்தார். நான் இல்லாத நாட்களில் பக்தி முற்றிப்போய், மயில் எண்ணிக்கையும் ஏறிப்போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஏனுங்க, உங்க முருகன் எங்க தம்பி காட்டுல வந்து கடலைய நோண்டிட்டு இருக்காருங்க, அவரையும் இங்கயே வரச்சொல்லிச் சோறு போடறதுதானுங்களே" என்றேன். அவர் சிரித்தார். இதுகள் அந்த மயில்கள் இல்லையே என்றார். அதுவும் சரிதான். ஆனாலும் கிருத்திகைக்குக் கிருத்திகை கோதுமையோடு நாலு உலர்திராட்சையும் சேர்த்துப் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரியும். அவற்றில் ஒரு பெட்டைக்குக் கால்விரல் ஒன்று கோணல். அது மட்டும் கூட்டத்தை விட்டுச் சமையலறை ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். "அந்தால போடி, வேற வேலயில்ல உனக்கு" என்று நான் திட்டுவேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த ஊரில் வீட்டுக்காரரைத் தவிர நான் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசியது அந்தப் பெட்டையோடு மட்டும்தான்.

பண்ணை முதலாளி கிரெய்க் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. எங்கள் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். கறவை மெஷின் பார்க்க ஆள் வேண்டும் என்று வந்த வேலையில், கன்றுக்குட்டி வளர்க்க நானும் இருக்கிறேன் என்றதும் எனக்கும் வேலை போட்டுக் கொடுத்தவர் கிரெய்க்தான். சார் என்று கூப்பிட்டால் கூச்சப்படுவார். புல் வெட்டும்போது ஏதோ இந்த நாட்டுப் பறவை தரையில் முட்டையிட்டிருப்பதைப் பார்த்தால், அந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு வெட்டாமல் விடுவார். ஓடையோரத்துப் புதருக்குள் மரப்பெட்டிகள் வைத்திருக்கிறார். உள்ளே எலிப்பொறி. எலியும் மரநாய் மாதிரி ஒரு பிராணியும் இந்த நாட்டுப் பறவைகளின் முட்டையைத் தின்றுவிடுகின்றனவாம். வந்த முதல் வாரமே அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று காட்டிய கையோடு, பொறியில் மாட்டியதை எப்படி எடுத்துப் போடுவது என்றும் சொல்லிக்கொடுத்தார். செத்த எலியை எடுத்துக் காட்டும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஊரில் யாராவது இயற்கையை நேசிக்கிறேன் என்றால் மரம் நடுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். பொறி வைப்பார்கள் என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எது இந்த மண்ணுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்பதில் அவர்களுக்கு ரொம்பத் தெளிவு இருக்கிறது. வெளியிலிருந்து வந்தது பெருகினால் ஒழித்துவிட வேண்டும். முயல் வந்தது, மான் வந்தது, பூனை வந்தது, எல்லாம் எதிரி. மாடும் புல்லும்கூடக் கப்பலில்தான் வந்தன என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் கிரெய்க்கிடம் சொன்னேன். கூடவே அவருடைய முப்பாட்டனாரும் வந்தார் என்பதைச் சொல்லவில்லை, சம்பளம் கொடுக்கிறவர். அவர் சிரித்துவிட்டு, மாடு வேறு விஷயம் என்றார். கறவைக் கொட்டகையை ஒரு வேளை கழுவ நாங்கள் விடுகிற தண்ணீரைச் செல்லமுத்து பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவான். கழுவுகிற ஒவ்வொரு நாளும் எனக்கு அவன் கிணறு ஞாபகம் வரும். யாரிடம் போய்ச் சொல்ல?

வசந்தகாலம் வந்தது. கன்று ஈன்று முடிந்து, கோடைத் தீவனத்துக்காக வேலிக்கு அந்தப்பக்கம் டர்னிப் விதைத்தார்கள். முளை விட்டதும் நம் ஆட்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் காலையில் ஒரு டின் கோதுமை போடுவார், மயில்கள் அதைத் தின்றுவிட்டு நேராக அங்கே போய்ப் பிஞ்சு இலையைக் கொத்தும். போடுவதை நிறுத்துங்கள், முதலாளி பார்த்தால் நம்மைத்தான் சொல்வார் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஒரு காலையில் கிரெய்க் பார்த்தேவிட்டார். வண்டியை நிறுத்தி, இவர் கோதுமை இறைப்பதையும் மயில்கள் வந்து பொறுக்குவதையும் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, நல்ல வேலை, விடாமல் செய் என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, வெள்ளக்காரனுக்கே மயில் மேல பக்தி வந்துருச்சு" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் கொட்டகை வாசலில் ஒரு மூட்டைக் கோதுமை இருந்தது. பறவைகளுக்கு என்று கிரெய்க் வைத்துவிட்டுப் போயிருந்தார். இவர் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயிரைத் தின்கிற பறவைக்குச் சொந்தக் காசில் தீனி வாங்கிப் போடுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. ஒருவேளை வசதியானவர்கள் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். செல்லமுத்துவிடம் போனில் சொல்லிப் பெருமூச்சுகூட விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கறவை முடிந்த நேரத்துக்குக் கிரெய்க் இரண்டு நண்பர்களோடு வந்தார். எப்போது வரும், எத்தனை வரும் என்று இவரைக் கேட்டார். என் கூப்பாடு கேட்டால் உடனே வரும் என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நண்பர்கள் படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று இவருடைய நினைப்பு. வண்டியில் துப்பாக்கி கிடந்ததை இவர் பார்த்திருக்கிறார். ஆனால் முயல் சுடுவதற்காக அது எப்போதும் அங்கே கிடப்பதுதான். அவர்கள் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கூப்பிடு என்று சைகை காட்டினார்கள். இவர் டின்னைத் தட்டி, "பா... பா... பா" என்றார். அன்றைக்கு ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் எல்லாம் வந்தனவாம். இறைத்துவிட்டு இந்தப்பக்கம் வா என்று கிரெய்க் கூப்பிட்டதும், படத்தில் தான் விழக்கூடாது போலிருக்கிறது என்று இவர் ஒதுங்கியிருக்கிறார். நான் கன்றுக் கொட்டகையில் புட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டுக் கன்றுகள் மிரண்டு என் மேல் மோதின. போட்டது போட்டபடி ஓடினேன்.

நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஈரப் புல்லில் அந்த நீலத்தையும் பச்சையையும் பார்த்தபோது, பட்டுச்சேலைக் கடையில் யாரோ எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது. கோணல் விரல் பெட்டையை நான் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை, வீட்டுப் பக்கமாகத்தான் ஓடி வந்து விழுந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரர் டின்னைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். கிரெய்க் வந்து அவர் தோளைத் தட்டி, இந்த மாதிரி ப்ரீஃபீட் நான் பார்த்ததே இல்லை, இந்தியாவில் கற்றுக்கொண்டதா என்று கேட்டார். இவர் "தேங்க் யூ சார்" என்றார். என்ன சொல்வது என்று தெரியாதபோது எங்களுக்கு வருகிற ஆங்கிலம் அதுதான். அவர்கள் செத்த பறவைகளை வண்டியில் ஏற்றினார்கள். போகும்போது தோகைகளை ஒரு கட்டாகக் கட்டி, உங்கள் கோயிலுக்கு வேண்டும் அல்லவா என்று அன்பாக எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு இவர் கேட்டார், ப்ரீஃபீட் என்றால் என்ன என்று. எனக்குத் தெரியும். ஓடையோரத்தில் விஷம் வைத்திருப்பதாக எழுதியிருந்த போர்டு ஒன்றைப் பற்றி நான்தான் ஒரு தடவை கிரெய்க்கிடம் விசாரித்திருந்தேன். முயலுக்கோ மற்றவற்றுக்கோ மருந்து வைப்பதற்கு முன்னால், சும்மா தீனியை ஒரே இடத்தில் சில நாள் தொடர்ந்து வைப்பார்கள். அவை பயம் விட்டுக் கூட்டமாக வந்து பழகும். பழகிய பிறகு கொல்லுவார்கள். அந்தப் பழக்குகிற தீனிக்குத்தான் அந்தப் பெயர். இவர் கோதுமை போட்டதை அதுவென்று கிரெய்க் நினைத்துக்கொண்டார். கட்டைவிரல் காட்டியதும் மூட்டை வாங்கி வைத்ததும் அதற்காகத்தான். நான் சொல்லச் சொல்ல இவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிரெய்க் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லையே. ஊரில் மயிலெல்லாம் செத்துத் தொலையட்டும் என்று சொன்னவள் நான், அந்த வார்த்தை எங்கோ போய், யார் காட்டிலோ விழுந்துவிட்டது. அழுகைகூட வரவில்லை. அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். அன்று சாயங்காலமும் கறவை இருந்தது. இரண்டு பேரும் எழுந்து போனோம்.

தோகைக் கட்டைச் சாமி அலமாரியில் வைக்க இவருக்குக் கை வரவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. வேட்டியில் சுற்றித் துணி அலமாரி மேலே வைத்திருக்கிறார், இன்னமும் அங்கேதான் இருக்கிறது. டின்னை அதற்குப் பிறகு தொடவில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோன்றும். என்னைப்போல வந்து மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், விசா அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதையும் தாண்டி, என்னவென்று சொல்வது? எங்கள் சாமியை நீங்கள் சுட்டுவிட்டீர்கள் என்றா? ஊரில் அதே சாமி என் தம்பியின் பிழைப்பில் மண் போட்டதை எந்த வாயால் மறைப்பது? டர்னிப் அந்த வருஷம் நன்றாக வந்தது. கிரெய்க் சந்தோஷமாக இருந்தார்.

கார்த்திகையில் செல்லமுத்து கூப்பிட்டான். கடலை பிடுங்கியாயிற்று என்றான். குரலிலேயே தெரிந்துவிட்டது. செடியைப் பிடுங்கினால் வேரில் காயை விடத் தோண்டிய குழிதான் அதிகமாம். மாட்டுக்குக் கொடி ஆயிற்று, அது போதும் என்றான். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, இங்கே நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே, இந்த ஊரில் ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள் பார், அங்கே உனக்கு அந்த வழி இல்லையே என்கிற மாதிரிதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ சொன்னேன்.

"ஏனுங்க்கா," என்றான். "ஒறம்பரையக் கூப்புடறாப்பல கூப்புட்டுப்போட்டு, வந்ததுக்கப்பறம் சுடறதாங்க்கா?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று நிற்கிற ஊர் அது. அவனே தொடர்ந்து பேசினான். "என்ற காட்டுல வந்து தின்னுச்சுன்னா அது திருடித் தின்னுது, நான் வெரட்டறேன். அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மச்சான் கூப்புட்டுத்தானுங்க அதுக வந்துச்சு." பிறகு, மச்சானிடம் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள் என்றான். ஊர் மயில்களால் அந்த வருஷத்து வெள்ளாமை முழுதும் போனவன் அவன். அவன் மனசுக்கு முன்னால் நான் ரொம்பச் சின்னவளாகிப்போனேன்.

தை பிறந்ததும் அவன் சொன்னபடியே திருப்பூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். காலையில் கம்பெனி வேன் ஊர் முக்குக்கே வந்துவிடுகிறதாம். காட்டுக்கு யாரையாவது குத்தகைக்கு விடேன் என்று கேட்டுப் பார்த்தேன், மயில் இறங்குகிற காட்டை யார் எடுப்பார்கள் என்றான். எங்கள் ஊரில் கரண்டு எடுக்கிற காற்றாடிக்குக் கேட்கிறார்கள், சைட்டுக்குக் கேட்கிறார்கள், வெள்ளாமைக்குக் கேட்க ஆளில்லை. இந்த வருஷம் ஆடி பிறந்தபோது எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. மழை பெய்ததா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. பெய்தால் வலிக்கும். பெய்ததாம், நல்ல மழையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காலை, எனக்கு மத்தியானம். வீடியோவில் கூப்பிட்டான். லீவு, சும்மா காட்டுப் பக்கம் வந்தேன் என்றான். வெளியே இங்கே சாரல், ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. போனுக்குள் எங்கள் காடு ஈரமாக, செக்கச்செவேலென்று கிடந்தது. ஏர் படவில்லை. அங்கங்கே புல்லும், முழம் உயரத்துக்குச் சீமைக்கருவேலங் கன்றுகளும். போன வருஷம் கட்டிய சேலை ஒன்று கிழிந்து குச்சியில் தொங்கியது. அவன் போனைத் திருப்பினான். நடுக்காட்டில் மயில்கள் நின்றுகொண்டிருந்தன. அவன் கிட்டே போயும்கூட அவை நகரவில்லை. தோண்டுவதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா நின்றன. ஏன் தம்பி விரட்டாமல் நிற்கிறாய் என்றேன். இனி எதுக்குங்க்கா என்று சிரித்தான்.

அவன் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு என்ன வந்ததோ, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஓஓய்... அந்தால போ... போ" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சின்ன வயசில் கிளி விரட்டிய அதே கூப்பாடு. ஒரு சேவல்மயில் மட்டும் கழுத்தை நீட்டி இந்தப்பக்கம் பார்த்தது, பதிலுக்கு அகவியது, பிறகு அங்கேயே நின்றது.

"அதுகளுக்கு உங்க சத்தம் பழக்கமில்லீங்க்கா," என்றான் செல்லமுத்து. "போவாது."

முதுகுப் பக்கம் படுக்கையறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் அந்த அகவலைக் கேட்டு எழுந்து வந்திருக்கிறார். இத்தனை நாள் தொடாத பால்பவுடர் டின்னை எடுத்துக்கொண்டு, பின்வாசல் கதவைத் திறந்து, சாரலில் நனைந்தபடி வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போனிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. கோதுமையை இறைக்காமல், கூப்பிடவும் செய்யாமல், அவை கண்ணில் படுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.